கலேயில் நின்ற மணவறை

எனக்கு வாய் நீளம். பரிஸ் நகரத்தில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லப்போகிறார்கள் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன். பரிசில் நடக்கும் பட்டிமன்றங்களில் பதினைந்து வருடமாகப் பேசி வருகிறேன். நான் இருக்கும் அணிதான் பெரும்பாலும் வெல்லும். தோற்ற நாட்களும் உண்டு, ஆனால் அவை நடுவர் வடிவாகக் காது கொடுத்துக் கேட்காத நாட்கள் என்பது என் கணிப்பு.

வயிற்றுப்பாட்டுக்குச் செய்யும் தொழில் வேறு. கூசேன்வில்லில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சரக்குக் கொம்பனியில் சுங்கப் பத்திரம் எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அதற்கு எந்தத் தாள் வேண்டும், எந்தத் தாள் இல்லாவிட்டால் அது நகராது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். சுங்கத்தை நாங்கள் இங்கே வீட்டுப் பேச்சிலும் டுவான் என்றுதான் சொல்வோம். இருபது வருடத்துக்கு மேலாக டுவான்காரர்களோடு சண்டை பிடித்துச் சிரித்து வாழ்ந்தவள் நான். அந்த விடயத்தில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான்.

இந்த இரண்டும், என் வாயும் என் தொழிலும், ஒருநாள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. அதைத்தான் எழுத வந்தேன்.

பிரித்தானியாவில் வாக்கெடுப்பு முடிந்து, ஐரோப்பிய நாடுகளின் ஒன்றியத்தை விட்டு எப்படிப் போவது, எப்போது போவது என்று அவர்கள் இழுபறிப்பட்டுக்கொண்டிருந்த காலம். தொலைக்காட்சியைப் போட்டால் அதே கதை, ரயிலில் ஏறினால் அதே கதை, சலூனில் தலைமயிர் வெட்டுகிற கதிரையிலிருந்தும் அதே கதை. எங்கள் ஆட்களுக்கு அது தூரத்து அரசியல் இல்லை. லாச்சப்பலில் நடந்துபோகிற எவரை நிறுத்திக் கேட்டாலும் பாதிச் சொந்தம் லண்டனில் இருக்கும். கடைத் தட்டுகளில் இருந்த மிளகாய்த்தூளும் பிஸ்கற்றும் லண்டன் மொத்தக் கடைகளிலிருந்து வான் வண்டியில் வந்தவை. கல்யாணம் என்றால் பாட்டுக்காரர் லண்டன், படம் பிடிக்கிறவர் லண்டன், மாப்பிள்ளையும் அநேகமாக லண்டன். ஆகவே அந்த வருடச் சித்திரைப் புத்தாண்டு விழாவில் பட்டிமன்றத் தலைப்பும் அதுவாகவே அமைந்தது: பிரித்தானியா விலகுவதால் எமக்குப் பாதிப்பு உண்டா, இல்லையா?

நடுவர் ஒரு புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். அணி பிரிக்க அவர் வைத்திருந்த வழி சீட்டுக் குலுக்குவது. உங்கள் மனதில் என்ன இருந்தாலும் கைக்கு வந்த சீட்டுக்காகத்தான் பேசவேண்டும். பட்டிமன்றத்தின் ருசியே அதில்தான் இருக்கிறது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். எனக்கு விழுந்தது 'பாதிப்பு இல்லை'.

சீட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பாதிப்பு இருக்கும் என்பது அந்த மண்டபத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? எங்கள் அலுவலகத்தில் அப்போதே பயிற்சி தொடங்கியாகிவிட்டது. லண்டனிலிருந்து வரும் ஒரு பெட்டி சீனாவிலிருந்து வரும் பெட்டியைப் போல ஆகிவிடும், தாள் இல்லாமல் ஒரு சட்டி பானைகூட வராது, இறைச்சியும் பாலும் வரவே வராது. எதிரணிக்காக ஆயத்தம் செய்வதென்றால் ஒரு மணித்தியாலம் போதும் எனக்கு. ஆனால் எதிரணியில் இருந்தவர்கள் விசாவைப் பற்றிப் பேசினார்கள், பவுண் காசின் மதிப்பு விழுவதைப் பற்றிப் பேசினார்கள், டுவானைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னைக் கொல்லக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும், அவர்களுக்குத்தான் அதைக் கேட்கத் தெரியவில்லை. நானாகவா எடுத்துக் கொடுப்பேன்?

நடுவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டபோது, சுங்கத்தைக் கரைத்துக் குடித்தவங்க, கேட்டுக்கோங்க என்று சொல்லிக் கூப்பிட்டார். அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. எழுந்து போய் ஒலிவாங்கியைச் சரிசெய்துவிட்டுத் தொடங்கினேன். லண்டனையும் பரிசையும் கட்டி வைத்திருப்பது ஏதோ ஓர் ஒன்றியம் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை, போகிறவர் கையில் நாம் கொடுத்துவிடுகிற பைதான் கட்டி வைத்திருக்கிறது என்றேன். யாராவது லண்டனிலிருந்து வருகிறார் என்று தெரிந்தால் போதும், சொந்தமோ இல்லையோ, ஒரு பை அவர் கையில் ஏறிவிடும். அதில் ரோல்ஸ் இருக்கும், சேலை இருக்கும், யாருடையதோ மருந்து இருக்கும். எந்த ராசா வந்தாலும் எந்த மந்திரி வந்தாலும் அந்தப் பையை நிறுத்த முடியுமா? கடல் தாண்டி, காடு தாண்டி, குளிர் தாண்டி வந்த சனம், கலேத் துறைமுகத்தில் நின்றுவிடுமா?

கைதட்டல் காதை அடைத்தது. பின்வரிசையில் விசிலும் கேட்டது. எங்கள் அணிக்குத்தான் தீர்ப்பு.

தேத்தண்ணி இடைவேளையில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு பெண் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் பச்சைச் சேலையில் இருந்தவர். அவரை எல்லோருக்கும் தெரியும், நாங்கள் மணவறை அக்கா என்போம். லாச்சப்பலில் ஒரு புடவைக் கடையின் பின்பக்கத்தில் ஒரு மேசை போட்டு, படங்கள் ஒட்டிய கொப்பியைக் காட்டிக் கல்யாண மணவறைக்கு ஓடர் எடுப்பார். மணவறை அவருடையது இல்லை, லண்டனில் இருக்கும் அவர் தம்பியுடையது. கல்யாணத்துக்கு ஒன்றிரண்டு நாள் முந்தித் தம்பி அதை வானில் ஏற்றிக்கொண்டு வந்து, மண்டபத்தில் துண்டு துண்டாகப் பூட்டி, முடிந்ததும் கழற்றிக்கொண்டு போவார். அக்கா அன்றைக்கு என் கையை விடாமல், உங்கள் பேச்சைக் கேட்ட பிறகுதான் மனம் ஆறினது என்றார். நான் சந்தோசம் அக்கா என்று சொல்லிவிட்டு இன்னொரு வடை எடுத்தேன்.

பிரித்தானியா விலகியது. இடையில் தொற்றுக் காலம் வந்ததால் கல்யாணமும் இல்லை, மண்டபமும் இல்லை. எல்லாம் திறந்து கல்யாணங்கள் திரும்பத் தொடங்கிய கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போக கார் து நோர் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கிறேன். கைத்தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, மணவறையைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள்," என்றார் மணவறை அக்கா.

எங்கே என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"கலேயிலை. நேற்றுப் பின்னேரம் பிடிச்சவங்கள். நாளைக்குப் பத்தரைக்கு முகூர்த்தம். இது நிண்டுதெண்டால் பிறகு லாச்சப்பலிலை ஒருத்தரும் என்ரை கொப்பியைத் திறந்தும் பாராயினம்."

அவர் சொன்னது மிகை இல்லை. கல்யாணத்தில் சோறு குறைந்தால் இரண்டு மாதம் பேசுவார்கள். மணவறை வராவிட்டால் மணப்பெண்ணின் பிள்ளைக்குக் கல்யாணம் நடக்கும்போதும் பேசுவார்கள். பெண் வீட்டாருக்கு விடயம் இன்னும் தெரியாது. அக்கா அழவில்லை, ஆனால் குரல் ஒரே மட்டத்தில் நின்றது. வேலைக்கு அவசர லீவு சொல்லிவிட்டு, நிலைய வாசலில் நிற்கிறேன், காரைக் கொண்டுவாருங்கள் என்றேன். நான் போனால் வான் வெளியில் வரும் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

வடக்கே போகும் பெருந்தெருவில் ஏறியதும் தம்பியைத் தொலைபேசியில் பிடித்துக் கேள்வி கேட்டேன். அவர் முட்டாள் இல்லை. விதி மாறியது தெரிந்து, லண்டனில் ஒரு முகவரைப் பிடித்து, கார்னே எடுத்திருந்தார். கார்னே என்றால் சாமான்களுக்கான கடவுச்சீட்டு மாதிரி: இவ்வளவு சாமான் உள்ளே போகிறது, வேலை முடிந்ததும் இவ்வளவும் திரும்பி வரும் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு முத்திரை வாங்குவது. அவர் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினார். தூண் எட்டு, யானைத் தலை இரண்டு, சிம்மாசனம் இரண்டு, குத்துவிளக்கு நான்கு, அம்மி ஒன்று, அதன் நிறைகூட இருந்தது. நானே எழுதியிருந்தாலும் ஒரு வரி மாற்றியிருக்க மாட்டேன். பிறகு எதற்குப் பிடித்தார்கள் என்று கேட்டால், வானுக்குள் வேறு கொஞ்சச் சாமானும் இருந்தது என்று இழுத்தார். என்ன சாமான் என்றதற்கு லைன் கட்டாகிவிட்டது. அது கட்டானதா, அவர் கட் பண்ணினாரா என்பது இன்றுவரை தெரியாது.

அமியான் நகரைத் தாண்டினோம். அக்கா தெருவைப் பார்த்தபடியே, தான் ஒரு காலத்தில் சொந்தமாக மணவறை செய்விக்க இருந்ததைச் சொன்னார். வாக்கெடுப்பு முடிந்த கையோடு யோசித்து, பரிசின் புறநகரான லா கூர்னெவில் ஒரு கிடங்கு பார்த்து, வாடகை ஒப்பந்தத்தைக் கைக்கு எடுத்துவிட்டாராம். தமிழ்நாட்டில் மணவறை செய்கிற ஆளிடமும் கதைத்தாயிற்றாம். கையெழுத்து வைக்கிற நேரம் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"அந்தக் கிழமைதானே உங்கடை பட்டிமன்றம். நீங்கள் ஒண்டும் நிக்காதெண்டு சொன்னியள். அப்ப ஏன் வீணா இழுத்து விடுவான் எண்டு திங்கட்கிழமையே கிடங்கை வேண்டாமெண்டிட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது கோபம்தான். பட்டிமன்றத்தைக் கேட்டுவிட்டு யாராவது தொழில் முடிவு எடுப்பார்களா என்று கேட்டேன். அது விளையாட்டு, சீட்டுக் குலுக்கி விழுகிற பக்கத்துக்குப் பேசுவது, மற்றச் சீட்டு விழுந்திருந்தால் மற்றப் பக்கம் பேசியிருப்பேன், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்று அடுக்கிக்கொண்டே போனேன். காருக்குள் இருந்தும் மேடையில் நிற்பது போலத்தான் கத்தினேன். அக்கா நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"சீட்டு விளையாட்டு எனக்கும் தெரியும், தங்கச்சி. மற்றவை பேசினதை நான் காதிலையும் போடேல்லை. நீங்கள் டுவான் படிச்ச ஆள் எண்டு நடுவர் சொன்னவர். அதாலைதான் கேட்டனான்."

கலே வரும்வரை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டுவான் கொட்டகையில் வான் பின்கதவு திறந்தபடி நின்றது. யானைத் தலைகள் இரண்டும் தங்க நிறத் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு வெளியே பார்த்தன. தம்பி பக்கத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. சாமான்கள் பட்டியலோடு அச்சொட்டாகப் பொருந்தியதாம், அதில் அவர்களுக்குக் குறையே இல்லை. ஆனால் தூண்களுக்கு இடையில், சிம்மாசனத்துக்கு அடியில், யானைத் தலையின் பொந்துக்குள் என்று பதினொரு பைகள் அகப்பட்டிருந்தன. அவை ஒரு நீண்ட மேசையில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

அதிகாரி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பேசுகிறவர். நான் என் தொழில் அட்டையை நீட்டினேன், எங்கள் கொம்பனியின் பத்திரங்கள் அவருக்குப் பழக்கம், முகம் கொஞ்சம் இளகியது. இந்தப் பைகள் யாருடையவை என்று கேட்டால் உங்கள் ஆள் குடும்பம் குடும்பம் என்றே சொல்கிறார், பதினொரு பையும் ஒரே குடும்பமா என்று கேட்டார். தம்பியிடம் திரும்பித் தமிழில் கேட்டேன். ஒரு கிழமையாகவே லண்டனில் தன் வீட்டு மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். பரிசுக்கு வான் போகிறதாமே என்று பை பையாகக் கொண்டுவந்து தந்தார்களாம். வாங்கமாட்டேன் என்று சொல்ல முடியாதா என்று அவர்மேல் பாய்ந்தேன். எப்பிடி அக்கா சொல்லுறது என்று மட்டும் என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது, எப்படிச் சொல்வதென்று. நானும் ஒருநாளும் சொன்னதில்லை.

பயணி தன் சொந்தப் பையைக் கொண்டுவந்தால் அதற்கு ஒரு விதி. மற்றவனுடைய பையைச் சுமந்து வந்தால் அது சரக்கு. சரக்கென்றால் தாள் வேண்டும். இதைத் தம்பிக்குச் சொன்னபோது, அதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்பது போலப் பார்த்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு பையாகத் திறந்து, என்ன, யாருக்கு, எதற்கு என்று நான் பிரெஞ்சில் சொல்ல அதிகாரி எழுதவேண்டும். முதல் பையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ், உறைய வைத்தது, மேலே 'பெரியண்ணைக்கு, லா கூர்னெவ்' என்று ஒட்டியிருந்தது. இறைச்சி, அழிக்கவேண்டும் என்று எழுதினார். இரண்டாவதில் நெய் லட்டு. பாற்பொருள், அழிக்கவேண்டும். மூன்றாவதில் ஒரு முழங்கால் பட்டியும் தைலமும், மேலே 'லாச்சப்பல் சலூனிலை குடுக்கவும், ஆள் வந்து எடுக்கும்' என்று எழுதியிருந்தது. அதை நான் மொழிபெயர்த்ததும் அதிகாரி பேனையை நிறுத்திவிட்டு, எந்த ஆள் என்று கேட்டார். வருகிற ஆள் என்றேன். முகவரி? சலூன். எந்தச் சலூன்? எங்கள் தெருவில் மூன்று சலூன் அடுத்தடுத்து இருக்கிறது, எதுவென்று அந்த ஆளுக்குத்தான் தெரியும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மேடையில் இதையே சொல்லித்தான் விசில் வாங்கினேன், அதே கதையை இப்போது சுங்க மேசையில் வைத்து வரி வரியாக பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சில் அதற்கு ஒருவரும் கை தட்டவில்லை.

ஐந்தாவது பை பெரிது. சகோதரிக்கு இரண்டு சேலை என்று சொல்லித் தந்தார்களாம். திறந்தால் இருபத்திரண்டு, விலைச்சீட்டோடு, புத்தம் புதுசாக. யாரோ ஒரு கெட்டிக்காரர் தன் வியாபாரத்தைத் தம்பியின் யானைக்குள் செருகிவிட்டிருந்தார். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். கள்ளச் சரக்கு என்று வானையே பிடித்து வைக்க இது ஒன்று போதும், அதுதான் இரவோடு அனுப்பாமல் வைத்திருந்தார்கள். இங்கேதான் என் வேலை இருந்தது. அந்த மனிதரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, அங்கேயே எடுத்து, விலைப்பட்டியலை உடனே அனுப்பாவிட்டால் உங்கள் பெயரையும் முகவரியையும் இந்த டுவான் மேசையில் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று சொன்னேன். ஏழு நிமிடத்தில் வந்தது. சேலைகள் தனி இறக்குமதியாகப் பதியட்டும், தாள் முடியும்வரை இங்கேயே கிடக்கட்டும், கார்னே சுத்தமாக இருக்கிறது, அதை இதிலிருந்து பிரிக்கலாம் என்று அதிகாரியிடம் விதியின் இலக்கத்தோடு சொன்னேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எனக்குள் பழைய தெம்பு வந்துவிட்டது. வான் வெளியில் வந்த மாதிரித்தான்.

எட்டாவது பை நீலத் துணிப்பை. அதிகாரி ஒரு ஜாம் போத்தலை வெளியில் எடுத்தார். உள்ளே நெய். கறித்தூள் இரண்டு பக்கற், ஒரு ரவிக்கைத் துணி. ஒட்டியிருந்த தாளை வாசிக்கச் சொல்லி என்னிடம் தள்ளினார்.

என் தங்கையின் எழுத்து. 'அக்காவுக்கு, ஸ்டாலின்கிராட்.' ஸ்டாலின்கிராட் என்பது பரிசில் நான் இருக்கும் பகுதி. கீழே என் தொலைபேசி இலக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்தபோது சொல்லியிருந்தாள், ஒரு வான் வருகுது, நெய் உருக்கினனான், குடுத்துவிடுறன் என்று. நானும் ஓம் சரி என்றிருந்தேன். யாருடைய வான் என்று கேட்கவில்லை. நெய் வராது என்றும் சொல்லவில்லை. அலுவலகத்தில் நெய் வந்த பெட்டியை நிறுத்தி வைத்து ஆட்களுக்கு விதி படித்துக் கொடுக்கிறவள் நான், என் வீட்டு நெய் என்றதும் அது எனக்கு டுவானாகவே தோன்றவில்லை.

"இது யாருக்கு?" என்று அதிகாரி திரும்பக் கேட்டார்.

எனக்கு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதுவரை அவருக்கு நான் தொழில் தெரிந்த ஆள், அதற்குப் பிறகு பதினொரு பைக்காரர்களில் ஒருத்தி. என் அடையாள அட்டையை வாங்கி, இலக்கத்தைப் பதிந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. தம்பி குனிந்துகொண்டார், சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன், குறை சொல்லமாட்டேன். அக்கா மட்டும் அந்தத் தாளை எடுத்து ஒருமுறை வாசித்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

நெய்யும் லட்டும் ரோல்சும் குப்பைக்குப் போயின. தம்பி ஒரு தண்டம் கட்டினார். பின்னேரம் நாலு மணிக்கு வானை விட்டார்கள், தூண் எட்டு, யானைத் தலை இரண்டு, அம்மி ஒன்று, எல்லாவற்றுக்கும் முத்திரை விழுந்திருந்தது. வேறு யார் போயிருந்தாலும் திங்கட்கிழமைதான் வந்திருக்கும், அதை நான் அடித்துச் சொல்வேன்.

திரும்பி வரும்போது வான் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அக்கா, எனக்கு அன்றைக்கே தெரியும், பெட்டியெல்லாம் நிற்கும் என்று தெரிந்துகொண்டுதான் பேசினேன் என்றேன். ஒரு லொறியை முந்தி முடிந்த பிறகு சொன்னார்.

"மேடையிலை நீங்கள் என்னத்தையும் பேசுங்கோ. தேத்தண்ணி குடிக்கேக்கை எனக்குப் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்."

குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், திருப்பிச் சண்டை பிடித்திருப்பேன். வடைத் தட்டு, பச்சைச் சேலை, என் கையைப் பிடித்திருந்த அவர் கை, எல்லாம் நினைவுக்கு வந்தது. ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அக்கா, அது மேடைக் கதை, கிடங்கை விடாதேயுங்கோ. இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். நான் வடை எடுத்தேன்.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. பத்தரைக்குத் தாலி ஏறியபோது யானைகள் இரண்டும் இரண்டு பக்கமும் நின்றன, பெண் வீட்டாருக்கு ஒரு சங்கதியும் தெரியாது. ஆனால் தம்பிக்கு மனம் விட்டுப்போய்விட்டது. ஒவ்வொரு முறையும் கார்னே, ஒவ்வொரு முறையும் கலே, ஒவ்வொரு முறையும் வீட்டு வாசலில் பையோடு நிற்கிற சனம். அடுத்த வருடத்தோடு அவர் பரிசுக்கு வருவதை நிறுத்தினார். லாச்சப்பல் கடைகளும் அப்படித்தான் மாறின. லண்டன் மிளகாய்த்தூள் போய், கப்பலில் நேரே வந்திறங்கும் தூள் வந்தது. இங்கே மொத்தக் கடை வைத்திருந்த சிலருக்கு அது நல்ல காலம், அதையும் மறைக்கக்கூடாது. விலகியதால் எல்லோரும் கெட்டார்கள் என்று நான் சொன்னால் அதுவும் ஒரு பக்கப் பேச்சுத்தான். மணவறை அக்காவுக்கு அது நல்ல காலம் இல்லை. மேசை இருந்தது, படக் கொப்பி இருந்தது, காட்டுவதற்கு மணவறை இல்லை. வேறு ஆட்களின் மணவறையை வாடகைக்கு எடுத்து ஒப்பேற்றினார். ஓடர் குறைந்தது. லாச்சப்பலில் எதிர்ப்பட்டால் சுகம் விசாரிப்பார், நின்று கதைக்கமாட்டார்.

அதற்குள் பிரான்சிலும் பேச்சுக் கிளம்பியிருந்தது, நாமும் விலகினால் என்ன என்று. தேர்தல் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதைத் தூசு தட்டி எடுப்பார். அடுத்த சித்திரை விழாவுக்கு அதுவே தலைப்பு. அதே நடுவர், அதே சீட்டு. எனக்கு விழுந்தது 'விலகலாம்'.

வேண்டாம் என்று எழுந்து போயிருக்கலாம். நான் அப்படி ஆள் இல்லை. பேசத் தெரிந்தவள் பேசவேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நடுவரிடம் ஒரு நிபந்தனை போட்டேன், தொடங்குவதற்கு முன் அரை நிமிடம் எனக்கு வேண்டும் என்று. அவர் சிரித்துவிட்டு, உங்களுக்கு அரை நிமிசம்னா அது அஞ்சு நிமிசமாச்சே என்றார், விட்டுக்கொடுத்தார்.

ஒலிவாங்கியைச் சரிசெய்தேன். முன்வரிசையைப் பார்த்தேன். அக்கா இருந்தார், வலது கரையில், மடியில் கைப்பையோடு.

"இப்ப நான் பேசப்போறது எனக்குச் சீட்டிலை விழுந்த பக்கம். என்ரை தொழில் என்ன சொல்லுதெண்டு தெரிய வேணுமெண்டால், தேத்தண்ணி நேரம் வடைத் தட்டடியிலை நிப்பன். வந்து கேளுங்கோ."

சனம் சிரித்தது. பிறகு பேசினேன், ஒரு குறையும் வைக்காமல் பேசினேன். தீர்ப்பு எதிரணிக்குப் போனது. நடுவர் அன்றைக்கு வடிவாகத்தான் கேட்டார்.

தேத்தண்ணிக் கோப்பையோடு வடைத் தட்டடியில் நின்றேன். நாலைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டு எதையெதையோ கேட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு மணவறை அக்கா வந்தார். கைப்பையைத் திறந்து, மடித்த தாள்கட்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். லா கூர்னெவில் ஒரு கிடங்கு, வாடகை ஒப்பந்தம், பன்னிரண்டு பக்கம்.

"முந்தின கிடங்கு இல்லை. அதைவிடச் சின்னன், வாடகையோ அதைவிடக் கூட," என்றார். "இதிலை கையெழுத்து வைக்கலாமோ, வேண்டாமோ?"

கோப்பையை வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்ற நிலையிலேயே பன்னிரண்டு பக்கத்தையும் வாசித்தேன். இடைவேளை முடிந்து உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது. அக்கா அசையாமல் பக்கத்தில் நின்றார். எட்டாம் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்து, இதை மாற்றச் சொல்லுங்கோ, மாற்றிப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ என்றேன்.

"வடிவாத் தெரியுமோ?" என்று கேட்டார்.

தெரியும் அக்கா என்றேன். அவர் தாள்களை வாங்கி, அந்த இடத்தில் பேனையால் ஒரு கோடு போட்டுவிட்டு, தட்டில் மிஞ்சியிருந்த வடையை எடுத்து இரண்டாகப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினார்.